மறுத்துப் பேச ஒருவர்

அரசாங்கச் சுரங்கக் கம்பெனியில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்ட பிறகும் காலை நடைக்கு நான் டவுன்ஷிப்புக்குள்தான் வருகிறேன். முன்பு நாங்கள் இருந்த பிளாக்கை ஒரு முறை சுற்ற ஆயிரத்து நானூறு அடி. தினம் மூன்று சுற்று. தொடக்கத்தில் ஏழு பேர் நடந்தோம். இரண்டு பேர் இறந்தார்கள், மூன்று பேர் பிள்ளைகளிடம் போனார்கள். மிஞ்சியது நானும், சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு தொழிற்சங்கக்காரரும்.

நான் டைம் ஆபீஸில் இருந்தவன். வேலைநிறுத்த நாட்களில் அவர் பெயருக்கு நேரே ஆப்சென்ட் போட்டவன். அதை அவர் மறந்ததும் இல்லை, அதற்காக என்னோடு நடக்காமல் இருந்ததும் இல்லை.

சாலை, போலீஸ், நீதிமன்றம், இவற்றோடு அரசாங்கம் நின்றுகொள்ள வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது என்பது என் எண்ணம். வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை. அதை அரசாங்கம் வாங்கிக்கொண்டால் பிள்ளைகளுக்குக் கடமை என்ற ஒன்றே மறந்துபோகும். சாப்பிட்டீர்களா என்று கேட்க எந்த இலாகாவாலும் முடியாது. இதைச் சொன்னால் போதும், அவர் நடுச்சாலையில் நின்றுவிடுவார்.

"பெத்த புள்ள கேக்கலன்னா பட்டினியா கெடக்கறதா? அதுக்குத்தான்யா சர்க்காரு. நீ படுத்துகினு ஊசி போட்டுகினியே, அந்தக் கம்பெனி ஆஸ்பத்திரி உன் புள்ள கட்டினதா?"

"அது நான் உழைச்சதுக்குக் கொடுத்தது."

"காண்ட்ராக்ட்ல வேலைக்குப் போறானே, அவனுக்கு அந்த ஆஸ்பத்திரி இல்லியே, அவன் என்னா தாயமா ஆடிகினு இருந்தான்?"

பதினோரு வருடம் இப்படி. ஒருவர் சொன்னதை மற்றவர் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

சென்ற தை மாதம் அவரைத் தன்னோடு அழைத்துப் போகச் சென்னையிலிருந்து மகன் வந்தான். கடைசி நாள் மூன்றாவது சுற்றில் அவர் சத்தமாகச் சிரித்தார்.

"யோவ் டைம் ஆபீஸ், வேடிக்கைய பாத்தியா! உன் கொள்கைப்படி நான் புள்ள வூட்டுக்குப் போறேன். என் கொள்கைப்படி நீ ஆஸ்பத்திரி மாத்திரைய வாங்கிகினு இங்கியே கெட!"

நானும் சிரித்துவைத்தேன். என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் பேசுகிறான். அவன் அம்மா இறந்த இந்த ஆறு வருடங்களில் 'வாங்கப்பா' என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறான். இரண்டும் அவனுக்குக் குழந்தை பிறந்தபோது.

அதனால் நான் சொன்னது தவறாகிவிடாது. ஒருவன் கடமையைச் செய்யவில்லை என்பதால் கடமையே இல்லை என்று ஆகிவிடுமா? இந்தப் பதில் அன்று வாயில் வரவில்லை. அவர் போன பிறகு பத்தொன்பது நாள் தனியாக நடந்து அதைத் தயார் செய்தேன். இருபதாம் நாள் போன் செய்து முழுவதையும் சொன்னேன். அவர் கத்துவதற்காகக் காத்திருந்தேன்.

"ஆமாங்க சார். நீங்க சொல்றதுதான் சரிங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேங்க. நல்லா பாத்துக்கறாங்க. சாப்பிட்டீங்களான்னு நாளைக்கு மூணு தடவ கேக்கறாங்க." குரலை இன்னும் தாழ்த்தினார். "மருமவ வூட்ல இருந்தே ஆபீஸ் வேலை பாக்குதுங்க. சத்தமா பேசக்கூடாது."

நான் சொல்லிவந்ததுதான் அங்கே நடக்கிறது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

"யோவ், மறுத்துப் பேசுய்யா," என்றேன். அவரை நான் 'யோவ்' என்றது அதுவே முதல் முறை.

மெல்லச் சிரிக்கும் சத்தம் கேட்டது. "வெச்சிடறேங்க சார்."

மொத்தம் நான்கு நிமிடம் பேசியிருந்தோம்.

இப்போதும் தினமும் நடைக்குப் போகிறேன். அவர் வழக்கமாக நின்றுவிடும் இடங்கள் நான்கு. அங்கே என் கால்களும் தாமாக நிற்கின்றன. மூன்றாவது சுற்றை மட்டும் விட்டுவிட்டேன். அதில்தான் அவர் அதிகம் கத்துவார்.