அப்பா அத்தையை டீச்சர் என்று கூப்பிட்ட நாள்

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு வரலாறு எடுத்தவர் என் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. நாற்பது வயதாகியும் அப்பாவுக்கு அவர் 'பாப்பா'தான். அவர் பஸ்ஸை விட்டுவிட்டால், பீங்கான் சூளையில் எவ்வளவு வேலை இருந்தாலும் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த வருடம் புதுப் புத்தகம் வந்தது. முகலாய ராஜாக்கள் அதில் இல்லை. அத்தை பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பாடத்தையும் நடத்தினார். "நடுவுல இவ்ளோ வருஷத்தக் காணோமே, யாராவது கேட்டீங்களா?" என்றார். நாங்கள் கேட்கவில்லை. பாடம் குறைந்ததற்கு எந்தப் பிள்ளை வருத்தப்படும்?

விஷயம் வெளியே போய், பெற்றோர் கூட்டத்துக்குக் கட்சிக்காரர்கள் சிலர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பீங்கான் பட்டறையிலிருந்து நேராக வந்த அப்பாவும் பேண்ட்டில் களிமண் தூசியோடு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கட்சியில் அவர் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒருவர் அத்தையைக் குறை சொல்லத் தொடங்கியதும் அப்பா எழுந்தார். தங்கைக்காகப் பேசப்போகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"டீச்சர், புக்குல இல்லாதத எதுக்குங்க நடத்துறீங்க? நம்மள அடக்கி ஆண்டவங்க கதை பசங்களுக்கு எதுக்கு?"

அப்பாவின் குரல்தான் அது. ஆனால் டீச்சர் என்கிறார், நீங்க என்கிறார். அத்தை அவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"நல்லவங்களோ கெட்டவங்களோ, அவங்க இருந்தது நெசந்தானுங்க சார்."

அத்தைக்காகப் பிரின்சிபால் மன்னிப்புக் கேட்டார். கூட்டம் முடிந்து, அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே போனார்கள். நான் யார் பின்னால் போவது என்று தெரியாமல் நின்றேன்.

அத்தை வேலையை விடவில்லை. மறுநாள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, புதுப் புத்தகத்தை வரி வரியாக வாசித்தார். மணி அடித்ததும் மூடிவைத்துவிட்டுப் போனார். ஒரு கேள்வி இல்லை, யாரையும் எழுப்பி நிறுத்தவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. வகுப்புக்கே கொண்டாட்டம்.

அப்பாவுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். "அத்தை இப்பல்லாம் எங்கள ஒண்ணுமே கேக்குறதில்லப்பா. புக்குல இருக்குறத மட்டும் படிச்சிட்டுப் போயிடுறாங்க."

அப்பா பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் என்னைப் பார்த்தார். எழுந்துபோய்க் கை கழுவினார்.

குழம்பில் உப்பு கூடிவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அப்பாவின் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.