வைகைத் திரையை வரைந்த எஸ்தர் டீச்சர்

செய்தியை முதலில் சொல்ல முயன்றவர் எஸ்தர் டீச்சரின் தம்பி சாமுவேல்தான். காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது கைபேசியில் அவர் பெயர் வந்தது. நான் எடுக்கவில்லை. சில ஆண்டுகளாகவே எடுப்பதில்லை. சற்று நேரத்தில் எங்கள் பள்ளியின் பழைய ஆசிரியர்களும் மாணவிகளும் இருக்கும் குழுவில் அந்த வரி வந்துவிட்டது: நம் ஓவிய ஆசிரியை எஸ்தர் டீச்சர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்ததை ஒருத்தி எழுதினாள். கோணல் கோடு போட்டால் ஸ்கேலால் மேசையைத் தட்டுவாரே என்று இன்னொருத்தி. எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் யார் என்பதை ஒருவரும் எழுதவில்லை, ஒருவருக்கும் தெரியாது என்பதால். எனக்குத் தெரியும். அதை எழுத எனக்கு இன்றுதான் அனுமதி கிடைத்திருக்கிறது.

அந்த மிஷன் பள்ளியில் நான் தமிழாசிரியையாகச் சேர்ந்தது கல்யாணமான புதிதில். ஆசிரியர் அறையில் என் கல்யாண ஆல்பம் கைமாறிக்கொண்டிருந்தது. எல்லாரும் என்னையும் என் புடவையையும் மாப்பிள்ளையையும் பார்த்தார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் எங்கள் இருவருக்கும் பின்னால் பார்த்தார். அங்கே ஒரு திரை. ஆற்றங்கரை, படித்துறை, அதன் மேல் ஒரு மண்டபம். "மண்டபம் லேசா சாஞ்சுருச்சு. அன்னிக்கு முதுகு வலி" என்றார். எனக்குப் புரியவில்லை. பழங்காநத்தத்தில் நாங்கள் படம் எடுத்துக்கொண்ட ஸ்டுடியோ அவருடைய தம்பி சாமுவேலுடையது என்றும், அங்கே தொங்கும் திரைகள் எல்லாம் தான் வரைந்தவை என்றும் பிறகு சாதாரணமாகச் சொன்னார். அதுவரை என் படத்தில் ஒரு ஆறு இருப்பதையே நான் கவனித்திருக்கவில்லை.

அந்த ஆண்டுக் கோடை விடுமுறையில் அவர் வரைவதைப் பார்க்கப் போனேன். ஸ்டுடியோவின் மாடியில் சுவர் முழுக்கத் துணியை இழுத்துக் கட்டி, பசை பூசிக் காயவைத்திருந்தார். ஸ்டூல் மேல் ஏறி நின்று நாகமலையை வரைந்துகொண்டிருந்தார். மற்ற ஸ்டுடியோக்களில் சீமை மாளிகையும் ஊட்டிப் பூங்காவும் தொங்கிய காலம் அது. இவர் வரைந்ததெல்லாம் இந்தப் பக்கத்து நிலம். தண்ணீர் போகும் வைகை, வாடிப்பட்டி போகிற வழியில் தென்னந்தோப்பு, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் மேகம் இறங்குகிற மாலை. தம்பியின் ஸ்டுடியோவில் கொஞ்ச நாள் தொங்கிய பிறகு திரைகள் சுருட்டப்பட்டு, பஸ் கூரையில் ஏறி, அந்த ஊர்களில் இருந்த நண்பர்களின் ஸ்டுடியோக்களுக்குப் போகும்; பழசானதும் தம்பியின் பரணுக்கே திரும்பி வரும். ஓரத்தில் ஒரு கையெழுத்தாவது போடக்கூடாதா என்று கேட்டேன். "அவங்க வீட்டு நடுக்கூடத்துல மாட்டுற படம் டீச்சர். அதுல என் பேரு எதுக்கு? முன்னால நிக்கிறவங்க நல்லாத் தெரியணும், அம்புட்டுதான்" என்றார்.

எங்கள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவரின் பேரையூர் வீட்டு விசேஷத்துக்கு இருவரும் போயிருந்தோம். பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டு நுழைந்தபோது, சுவரில் மாலை போட்ட ஒரு படம். வாலிபப் பையன், கைகட்டி நிற்கிறான். பின்னால் அந்தக் கரிசல் மேகம். வேலைக்கு மனுப் போடச் சின்னப் படம் எடுக்கப்போன இடத்தில் ஆசைப்பட்டு முழுப் படமும் எடுத்துக்கொண்டானாம். அந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டானாம். அவன் அம்மா சொன்னார்: "இது எந்த ஊருன்னு தெரியல தாயி. மழை வாரமாரி இருக்கு பாருங்க. அங்கனதான் இருக்கான்னு நினைச்சுக்கிருவேன்." எஸ்தர் டீச்சர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேகத்தைப் பார்த்தபடி நின்றார். தான் வரைந்தது என்று சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது, "சொல்லியிருந்தா அது துணின்னு ஆயிருக்கும்" என்றார்.

இனி நடந்ததைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, ஒருநாள் எஸ்தர் டீச்சர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதில் அவருடைய வைகைத் திரையின் படம் அச்சாகியிருந்தது. பழைய ஸ்டுடியோ திரைகளை வைத்து நகரில் ஒரு கண்காட்சி. திரைகளைப் பாதுகாத்துக் கொடுத்தவர் என்று சாமுவேலைப் பாராட்டியிருந்தார்கள். திறப்பு விழா மேடையில் சால்வையோடு அவர் நின்றிருந்தார். திரைகளை வரைந்தவர் பற்றி ஒரே வரி: பெயர் தெரியாத ஓவியர். "அவனுக்கு மறந்திருக்கும். போய்ச் சொல்லிட்டு வந்துருவோம்" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

ஆட்டோ பிடித்துப் போனோம். உயரமான கூடம், நல்ல வெளிச்சம். பரணில் சுருண்டு கிடந்த திரைகள் முழு நீளத்துக்கு விரிந்து தொங்கின. டீச்சர் முகத்தில் நான் அதற்கு முன்பும் பின்பும் பார்க்காத ஒரு மலர்ச்சி. விளக்கம் சொல்ல ஒரு பெண் கூடவே வந்தாள். ஊர் ஊராகப் போய் வரைந்த ஆண்கள், பெரும்பாலும் படிக்காதவர்கள், தங்கள் பெயரை விட்டுச் செல்லாதவர்கள் என்று அவள் ஒப்பித்ததை டீச்சர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "இதெல்லாம் நான் வரைஞ்சதும்மா" என்றார்.

அவள் கண்காட்சி ஏற்பாட்டாளரைக் கூட்டிவந்தாள். மரியாதையான மனிதர். டீச்சருக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். உடனே சாமுவேலைக் கைபேசியில் அழைத்து, எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். வந்திருப்பவரின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

சாமுவேல் சிரித்தார். "அக்கா சும்மா சொல்லும் சார். வயசாயிருச்சுல்ல. ஓரத்துல ரெண்டு பூ போட்டுருக்கும். மத்ததெல்லாம் வெளியாளுக வரைஞ்சது. யாரு எவருன்னு தெரியாது."

டீச்சர் கொஞ்சம் முன்னால் குனிந்து, "சாமுவேலு, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றார்.

அதோடு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அதைக் கேட்ட பிறகு எந்த மனிதனுக்கும் விஷயம் விளங்கியிருக்கும். அந்த ஏற்பாட்டாளருக்கும் விளங்கியது; அவர் முகம் சொன்னது. இருந்தும் அவர் சொன்னது வேறு. கண்காட்சியைப் பற்றிய புத்தகம் அச்சாகிவிட்டதாம். அதோடு, பெயர் தெரியாமல் இருப்பதில்தான் இந்தக் கண்காட்சியின் அழகே இருக்கிறதாம். அம்மா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம். நான் கத்தியிருப்பேன். டீச்சர் என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் அவர் அழவில்லை. "அந்த வைகைத் திரையில ஓரத்துல ரெண்டு பூ இருக்குல்ல, அதுதான் டீச்சர் அவன் வரைஞ்சது. ஸ்டுடியோ ஆரம்பிச்சப்ப ஆசையா பிரஷ்ஷை வாங்கிப் போட்டான். நல்லா வரல. அவன் மனசு சங்கடப்படுமேன்னு நான் அழிக்காம விட்டுட்டேன்" என்றார். அதன் பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நான் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன் என்றேன். வாடிப்பட்டியிலும் பேரையூரிலும் அந்த ஸ்டுடியோக்காரர்களின் வீட்டார் இருக்கிறார்கள், சாட்சி சொல்வார்கள் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "அவன் பிள்ளைக இருக்காக. நாலு பேரு மத்தியில அவுகளுக்குத் தலைகுனிவு வேணாம். நான் இருக்கிற வரைக்கும் எழுதாதீக" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் வழக்கம்போல் தம்பி வீட்டுக்குக் கேக் எடுத்துக்கொண்டு போனார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. சாமுவேல் அவருக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்வதுபோல் இருந்தது. அவர் பக்கம் நின்ற ஒரே ஆள் நான். என் வாயையும் கட்டிவிட்டு, எதிர்த்தரப்போடு போய் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் சந்தித்தபோதெல்லாம் மருந்து, மழை, பேரப்பிள்ளைகள் பற்றித்தான் பேசினோம். திரை என்ற சொல் எங்களுக்கு நடுவில் வரவே இல்லை. அவர் மறுபடி பிரஷ்ஷைத் தொட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை.

அடக்க ஆராதனைக்குப் போனேன். வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். அதில், "ஓய்வுபெற்ற ஆசிரியை". சாமுவேல் முன்வரிசையில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆராதனை தொடங்குமுன் என்னிடம் வந்து, அக்காவைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும் என்றார். நான் தலையசைத்தேன். நகரப்போனவர் நின்றார்.

"ஸ்கூல்ல நடந்ததை மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

நான் மேடை ஏறவில்லை. டீச்சரின் பெட்டியின் மேல் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். டீச்சருக்கு நான் கொடுத்த வாக்கு அவர் இருந்தவரைதான்.

அவரிடம் படித்தவர்களே, அவரோடு வேலை பார்த்தவர்களே, அவருடைய பொறுமையைப் போற்றி எனக்கு எழுத வராது. மன்னிக்கிற மனதை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார்; அதில் எனக்குப் பங்கு தரவில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பது கோபமும் அவருடைய பெயரும். கோபம் என்னோடு இருக்கட்டும். பெயரை உங்களிடம் தருகிறேன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அவர் கைவண்ணம் தொங்குகிறது. வரைந்தவர் பெயர் தெரியாது என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால், தெரியும் என்று சொல்லுங்கள்.

எஸ்தர் ஞானமணி.