காரணம் என்றொரு பெட்டி

"கம்ப்யூட்டருக்குக் கடுதாசி எழுதுதா." சத்யப்ரியா என்ன வேலை பார்க்கிறாள் என்று யார் கேட்டாலும் அவள் அம்மா பேச்சியம்மாள் இப்படித்தான் சொல்வாள். ஏறக்குறைய சரிதான்.

அப்பா லேத் வேலைக்காகக் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவர். சத்யப்ரியா சிப்காட் குடியிருப்பில் வளர்ந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்கும் சேர்ந்தாள். கிராமத்துப் பால் சங்கங்களில் இருக்கும் குளிர்விக்கும் தொட்டிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் அது. மெக்கானிக்குகள் சொந்த பைக்கில் போவார்கள். போன கிலோமீட்டரைச் செயலியில் போட்டால் பெட்ரோல் காசு வரும்.

அந்தக் கணக்கை முன்பு குருமூர்த்தி பார்த்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு ஆள் போடவில்லை. செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் ஒன்று வந்தது. அனுமதிக்க ஒரு டூல், திருப்பி அனுப்ப ஒரு டூல், சந்தேகம் வந்தால் மனிதரிடம் தள்ளிவிட ஒரு டூல். எதை எப்போது எடுக்க வேண்டும், படிவத்தின் எந்தப் பெட்டியைப் படிக்க வேண்டும் என்று அதற்கு எழுதித் தருவதுதான் சத்யப்ரியாவின் வேலை. அதற்கு முன்பு அவள் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதியவள். அதை ஒருவரும் புரட்டிப் பார்த்ததில்லை. இதுவோ ஒரு வரி விடாமல் படித்தது, படித்தபடியே நடந்தது. அதில் அவளுக்குப் பெருமை.

படிவத்தின் கடைசியில் 'காரணம்' என்றொரு பெட்டி இருந்தது. பெரும்பாலானவர்கள் அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் சத்யப்ரியா எழுதினாள்: "காரணம்: கட்டாயமில்லை. தொலைவை வரைபடத்தோடு ஒப்பிட்டால் போதும்."

ஒரு மாதம் கழித்து போன் வந்தது.

"மேடம், நீங்கதான் அதுக்குப் பாடம் எழுதறவங்களாமே. நான் முனிராஜ், தளி ரூட்டு."

"சொல்லுங்கண்ணே."

"என் பில்லெல்லாம் திரும்பித் திரும்பி வருது. காட்டு ரோட்டுல போனா கம்மி, ஏன் சுத்துனேன்னு கேக்குது."

ஜவளகிரிக்கு அப்பால் உள்ள சங்கங்களுக்கு இரண்டு வழி. காட்டுக்குள் போகும் நேர் சாலை ஒன்று, தேன்கனிக்கோட்டை வழியாகச் சுற்றிப் போவது இன்னொன்று. தொட்டி கெட்டுப்போனது சாயந்திரம் பால் ஊற்றும்போதுதான் தெரியும். உடனே போகாவிட்டால் பால் திரிந்துவிடும். அந்த நேரத்தில்தான் யானைகளும் சாலைக்கு வரும். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் காட்டு வழியில் பைக்கை விடமாட்டார்கள்.

"ஆனை நிக்குதுன்னு காரணத்துல போட்டுத்தான இருக்கேன். அதுக்கு ஆனைன்னா தெரியாதா மேடம்?"

"அது அந்தப் பெட்டியப் படிக்கவே படிக்காதுண்ணே."

"படிக்காதுன்னா எதுக்கு வெச்சிருக்கீங்க?"

கேட்டுவிட்டு முனிராஜே சிரித்துவிட்டார். "குருமூர்த்தி சார் நல்லாத் திட்டுவாரு, ஆனா பாஸ் பண்ணிடுவாரு. இது திட்டவும் மாட்டேங்குது, பாஸ் பண்ணவும் மாட்டேங்குது."

அன்றே அவள் அந்த வரியைத் திருத்தி மேலாளர் அசோக்குமாரிடம் கொண்டுபோனாள். அவர் ஒப்புதல் இல்லாமல் ஏஜென்ட்டின் குறிப்பில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது.

"ஆனைன்னு எழுதினா விட்டுடணும்னா, பெங்களூருக்குப் போறவனும் ஆனைன்னுதாம்மா எழுதுவான்" என்றார். "ஆடிட் முடியட்டும். அடுத்த மாசம் பாக்கலாம்."

அவள் முனிராஜை அழைத்தாள். "அடுத்த மாசம் சரியாயிரும்ணே. அதுவரைக்கும் சுத்தியே போங்க."

"பெட்ரோலு யாரு ஊத்துவா, நீங்களா?"

"நாந் தாரேன்."

"அய்ய, சும்மா சொன்னேன். உங்க காசு எனக்கெதுக்கு. வெச்சிடறேன் மேடம்."

அதன் பிறகு முனிராஜின் கணக்குகள் திரும்பி வரவில்லை. வரிசையாக அனுமதிப் பச்சை விழுந்தது. சத்யப்ரியாவுக்கு நிம்மதியாக இருந்தது. பகலில் வேலை அமைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஏன் பச்சை விழுகிறது என்று திறந்து பார்க்கவில்லை.

ஒரு காலையில் அசோக்குமார் அவள் மேசையருகே வந்து நின்றார். உட்காரவில்லை.

"நம்ம தளி முனிராஜ் போயிட்டாரும்மா. நேத்து சாயந்திரம். காட்டு ரோட்டுல, ஒத்தை ஆனை."

அவள் முனிராஜின் பதிவைத் திறந்தாள். போன பத்து நாளும் சாயந்திரம், காட்டு வழி. கடைசிப் பயணம் பாதியில் நின்றிருந்தது. பைக் நகராததால் செயலி தானாகவே பயணத்தை முடித்துக் கணக்கை அனுப்பியிருந்தது. ஏஜென்ட் ஒப்பிட்டுப் பார்த்திருந்தது. தொலைவு வரைபடத்துக்குள் இருந்தது. அனுமதித்துவிட்டது. அந்தச் செய்தி அவருடைய போனுக்குப் போயிருந்தது. போன் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது.

காரணம் பெட்டி காலி. படிக்க ஆள் இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து அவர் அதில் ஒன்றும் எழுதவில்லை.

"அந்த மாத்தத்த இப்பவே போட்டுடுங்க" என்றார் அசோக்குமார். ஒப்புதல் அவள் தட்டச்சு செய்து முடிக்கும் முன்பே வந்துவிட்டது. அவள் எழுதினாள்: "காரணம்: கட்டாயம். முழுவதும் படிக்க வேண்டும். வழியில் ஆபத்து என்றிருந்தால் சுற்றுவழியை அனுமதிக்க வேண்டும். புரியாவிட்டால் திருப்பி அனுப்பக் கூடாது. மனிதரிடம் அனுப்ப வேண்டும்."

அந்த மனிதர் யார் என்று ஏஜென்ட் ஒரு பெயர் கேட்டது. தன் பெயரைப் போட்டாள்.

அடுத்த வாரம் அவளிடம் முதல் கணக்கு வந்தது. தளி ரூட்டுக்குப் புதிதாகப் போன திம்மராயனுடையது, சுற்றுவழி. காரணம் என்ற இடத்தில் "முனிராஜ்" என்று மட்டும் இருந்தது. 'இந்தச் சொல்லுக்கும் பயணத்துக்கும் உள்ள தொடர்பு புரியவில்லை' என்று ஏஜென்ட் குறித்திருந்தது. அனுமதித்தாள். மறுநாள் ராயக்கோட்டை மெக்கானிக் அதையே எழுதியிருந்தார். பிறகு மற்றவர்களும். பெங்களூருக்குப் போய்வந்த ஒருவர்கூட எழுதியிருந்தார். அசோக்குமார் அதைப் பார்த்தார், அதையும் விட்டுவிட்டார்.

மாதக் கடைசியில் ஏஜென்ட் கேட்டது: 'இச்சொல் அடிக்கடி வருகிறது. பொருள் தந்தால் மனிதரின் உதவியின்றி நானே முடிவெடுப்பேன். குறிப்பில் சேர்க்கலாமா?'

சத்யப்ரியா 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். காத்திருந்த கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.