ஒன்றுமில்லை என்கிற ரத்தம்

இரண்டு கைகளையும் வெந்நீர்ச் சட்டிக்குள் மணிக்கட்டு வரை அமிழ்த்திவைத்துக்கொண்டுதான் அண்ணி ரேடியோவைத் திட்டுவார். காலையில் போக்குவரத்து நிலவரம் வாசிக்கிறவர் பாலத்தருகே நெரிசல் என்று சொல்லி முடிப்பதற்குள், "நெரிசலாம் நெரிசல்! நடு ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு போன் பேசறானுங்களே, மொதல்ல அத வாசிடா" என்று ஆரம்பித்துவிடுவார். விரல்கள் ஒருவழியாக மடங்குகிற வரைக்கும் திட்டு நீளும். திட்டு ஓய்கிறபோது தண்ணீரும் ஆறிப்போயிருக்கும். அதன் பிறகுதான் அவரால் ஒரு தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியும். அதையும் காதைப் பிடித்துத் தூக்க மாட்டார். குழந்தை முகத்தை ஏந்துவதுபோல இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்துவார்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறேன். அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிப் பள்ளியின் குட்டி வெள்ளைக் காரில், கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கை அவருடையது. அந்த இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. அதனால் அவருக்கு வெளியில் பெயர் பிரேக் மேடம். புதிதாக வருகிற யாருக்கும் அவர் சொல்கிற முதல் வாக்கியம் ஒன்றுதான்: "ஸ்டீயரிங் உன் கையில. உன் உசுரு என் கால்ல. ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையப் பாப்போம்."

அவர் பாதம் ஒருபோதும் கார்த் தரையில் படியாது. அந்த இரண்டாவது பிரேக்குக்கு மேலே, தொட்டும் தொடாமலும், மிதந்துகொண்டே இருக்கும். வேறு ஆசிரியர்கள் மாணவர் தடுமாறும் முன்பே மிதித்துவிடுவார்கள். அண்ணி கடைசி நொடி வரை காத்திருப்பார். "முன்னாடியே மிதிச்சா அவனுக்குப் புத்தி வராது. பின்னாடி மிதிச்சா எனக்கு வேலை இருக்காது" என்பது அவர் கட்சி. சாலையில் வருகிற கார்க்காரர்களைப் பெயர் வைத்து அழைப்பார். பின்னால் ஒட்டி வருபவன் 'மாப்பிள்ளை'. காரணமில்லாமல் ஹாரன் அடிப்பவன் 'அழுமூஞ்சி'. கார்க் கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொண்டு பாதசாரிகளுடன் நெடுநேரம் வாதாடுவார்; அவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்காது என்பது பற்றி அவருக்குக் கவலையில்லை.

முதலில் விரல்கள் வலித்தன. பிறகு மணிக்கட்டு. பிறகு பாதத்தின் முன்பகுதி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கினால் கூழாங்கல்லின் மேல் நிற்பதுபோல் இருக்கிறது என்றார். வலக்கையின் கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மரத்துப்போய் எறும்பு ஊர்ந்தது. முடக்குவாதமாக இருக்கலாம் என்று மூட்டு மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். இந்த வியாதிக்காரர்களின் ரத்தத்தில் இருக்கும் என்று சொல்லப்படுகிற எதிர்ப்புப் புரதம் இல்லை. வீக்கத்தைக் காட்டும் அளவும் ஏறவில்லை. மரத்துப்போகிறது என்கிறீர்கள், நரம்பாக இருக்கலாம் என்று நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். அவரும் ரத்தம் எடுக்கச் சொன்னார். நரம்பு சிதைந்தால் ரத்தத்தில் கசியும் ஒரு புரதத்தை இப்போது அளக்க முடிகிறதாம். அதுவும் சரியாகவே இருந்தது. மூட்டாக இருக்கலாம் என்று அவர் திருப்பி அனுப்பினார்.

"இவரு அவருகிட்டப் போங்கறாரு, அவரு இவருகிட்டப் போங்கறாரு. நான் என்ன பந்தா? கடிக்கற கொசுவுக்காவது வயிறு நெறையுது. இவங்க இத்தன குழாய் ரத்தம் எடுத்து யாருக்கு என்ன தெரிஞ்சது?" அறிக்கைகளை என் மடியில் எறிவார். "நீதான் ரெண்டு பாஷை படிச்சவன். நான் உசுரோட இருக்கேனான்னாவது அதுல போட்டிருக்கா பாரு."

அண்ணன் மரக்கிடங்கில் கணக்கெழுதுகிறவர். எழுதியிருப்பதை நம்புகிறவர். கெட்டவர் இல்லை; ஆனால் கெட்டவர்கள்கூட அவ்வளவு எரிச்சலூட்ட மாட்டார்கள்.

"எல்லாம் நார்மல்னுதான போட்டிருக்கு? மனசப் போட்டு அலட்டிக்காத" என்பார்.

"மனசு எங்க இருக்கு, முட்டியிலயா? எங்க, உங்க மனச மடக்கிக் காட்டுங்க பாப்போம்."

"கோவப்படாதம்மா. கோவத்துலயே பாதி வலி வருதாம்."

"மீதிப் பாதி உங்களால வருது."

மகள் கல்லூரிக்குப் போகுமுன் அம்மாவின் தலையை வாரிக் கட்டிவிட்டு, நீலச் சீருடைச் சட்டையின் பித்தான்களைப் போட்டுவிட்டுப் போவாள். வலிக்கிறதா என்று கேட்க மாட்டாள். அவளுக்கும் அந்த அறிக்கைகள் ஒரு சந்தேகத்தைக் கொடுத்திருந்தன என்று நினைக்கிறேன். ஒருவரின் வலியை நம்புவதற்குத் தாள் வேண்டியிருக்கிறது, பெற்ற பிள்ளைக்குக்கூட. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது.

மருத்துவரைப் பார்க்கப் போகிற நாளன்று மட்டும் அண்ணி வேறு ஆள். தலையைத் தானே இறுக்கிக் கொண்டை போட்டிருப்பார். இஸ்திரி போட்ட சட்டை, உதட்டில் லேசாகச் சாயம், குதிகால் தேயாத செருப்பு. மருத்துவமனைப் படிகளில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுவார். "நொண்டிக்கிட்டு, பரட்டைத் தலையோட போய் நின்னா, ஏதோ பிச்சைக்கு வந்த கேஸுன்னு நெனைப்பான். நிமிந்து நடந்து போய் உக்காந்தாத்தான் மரியாதையாப் பேசுவான்." வைராக்கியம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நிமிர்ந்து நடந்து வந்து உட்கார்ந்த பெண்மணியை மருத்துவர் ஒரு தடவை பார்ப்பார், திரையில் இருக்கிற எண்களைப் பல தடவை பார்ப்பார், "ஒண்ணுமில்லையே" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார்.

போன மாதம் ஒரு மாலை அண்ணி வழக்கத்துக்கு மாறாகச் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்தார். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி முச்சந்தியில் பதறி ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டாளாம். பழக்கடை வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளைச் சாய்த்துவிட்டுத்தான் வண்டி நின்றிருக்கிறது. கடைக்காரர் பெட்டிக்கு அந்தப் பக்கம் குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாராம்; நூலிழையில் தப்பியிருக்கிறார்.

"அவளை வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன் தம்பி. நடு ரோட்டுல அழுதுட்டா." கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவ மேல தப்பில்ல. மிதிக்கச் சொல்லி மூளை சொல்லுது, கால் போகமாட்டேங்குது. போச்சு, ஆனா லேட்டு. இது என்னன்னு கண்டுபிடிச்சு மருந்து குடுக்கலன்னா நான் அந்த வண்டியில ஏற மாட்டேன். ஊரான் பிள்ளை உசுரு அது."

அந்த வேலை இல்லாத அண்ணியை எங்கள் யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுபடி ரத்தம் கொடுக்க நாள் வாங்கினோம். அன்றைக்குக் கால் சொன்னபடி கேட்கிறது என்று வீட்டுக் காரை அண்ணிதான் ஓட்டினார். கொண்டை, சாயம் எல்லாம் சரியாக இருந்தன. சிக்னலில் நின்றபோது கைப்பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, ஏதோ ஒரு சிறு வெள்ளை மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கினார். அட்டை இல்லை, பெயர் இல்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாளைக்கூட விடாமல் படித்துப் பயப்படுகிறவன் நான்.

"அது என்ன அண்ணி?"

"இதுவா? ஒண்ணுமில்ல. டாக்டரப் பாக்கப் போறப்ப மட்டும் போட்டுக்கறது. ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஆரம்பிச்சிருவேன். சும்மா சொல்லக்கூடாது, ஜம்முனு நடக்கலாம்."

"யாரு குடுத்தா?"

"மருந்துக்கடைப் பையன்தான். என்கிட்ட வண்டி கத்துக்கிட்டவன்."

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களான்னு அங்க கேப்பாங்களே?"

"கேட்டாங்க. இல்லைன்னேன். இது வியாதிக்கா போடறேன்? வெளிய போறப்ப மூஞ்சிக்குப் பவுடர் போடற மாதிரி. பவுடர் போட்டத எவளாவது டாக்டர்கிட்ட சொல்லுவாளா?"

அந்த மாத்திரைதான் ரத்தப் பரிசோதனையை ஏமாற்றுகிறதோ என்கிற சந்தேகத்தைச் சொன்னேன். பச்சை விளக்கு விழுந்தது. அண்ணி வண்டியை மருந்துக்கடைப் பக்கம் திருப்பினார். அந்தக் கோபத்திலும் இண்டிகேட்டர் போட மறக்கவில்லை.

'மருந்துக்கடைப் பையன்' என்று அண்ணி சொன்னவருக்கு முன் வழுக்கை விழுந்திருந்தது. பிரேக் மேடத்தைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அந்த வெள்ள மாத்திரை என்னதுடா?"

"வலிக்குத்தான் மேடம்."

"வலிக்குன்னு எனக்குத் தெரியாதா? என்னதுன்னு கேட்டேன்."

"ஸ்டீராய்டு மேடம். சின்ன டோஸ்தான். எல்லாருக்கும் குடுக்கறதுதான்."

"எல்லாருக்குமா? பின்னாடி வண்டி வருதான்னு கண்ணாடியப் பாரு, கண்ணாடியப் பாருன்னு உனக்குத் தொண்டை கிழியக் கத்தினேனே. இப்பவும் பாக்காமத்தான் ஓட்டறியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் மெதுவாகச் சொன்னார்: "நீங்கதான மேடம் டாக்டரப் பாக்கற அன்னிக்காவது நிமிந்து நடக்கணும்னு கேட்டீங்க. நடந்தீங்கல்ல?"

அண்ணி மிச்சமிருந்த பொட்டலத்தை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வண்டிக்குத் திரும்பியதும் நான் விளக்கினேன். அந்த மாத்திரை வீக்கத்தை அமுக்கிவிடும். ஊசி தேடிப்போனது அந்த வீக்கத்தின் தடயத்தைத்தான். எதிர்ப்புப் புரதம் சிலருக்கு வியாதி இருந்தும் தென்படாது. அப்படியானால் மருத்துவர்களுக்கு இருந்த ஒரே சாட்சி வீக்கத்தின் அளவுதான்.

"அப்ப போலீஸ் கதவத் தட்டறதுக்கு முன்னாடியே திருடனக் கொல்லப்பக்கமா நானே அனுப்பி வச்சிருக்கேன்" என்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார், வலித்திருக்கும். "என் புத்திய செருப்பால அடிக்கணும். சரி. ஆனா ஒண்ணு கேக்கறேன் தம்பி. இத்தன பேர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், இந்தக் கையப் புடிச்சுப் பாத்திருந்தா? மடக்கும்மான்னு சொல்லியிருந்தா? வீக்கத்த மாத்திரை மறைக்கும். இந்தா, வெரலு இப்பிடிக் கோணிக்கிட்டு நிக்குதே, இத எந்த மாத்திரை மறைக்கும்?"

சுண்டுவிரலும் மோதிரவிரலும் கைக்கு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன, காற்றடித்த செடிபோல. ஒரே வீட்டில் இருக்கும் நானும் அதை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். எடுத்துப் பேசிய செவிலியர், அந்த மாத்திரையைத் தொடாமல் சில வாரம் கழித்து வந்து ரத்தம் கொடுக்கச் சொன்னார். மருத்துவரிடம் தெரிவித்துவிடுவதாகவும் சொன்னார். அண்ணி பயிற்சிப் பள்ளியில் கார்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த வாரங்கள் மோசமானவை. கதவின் குமிழைத் திருக முடியாமல் குளியலறைக்குள் நின்று அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் சோறு பிசைந்து ஊட்டப் போனபோது, "நான் என்ன பாப்பாவா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்தார். அண்ணன் அதற்குப் பிறகு மனசைப் பற்றிப் பேசவில்லை.

நேற்று அறிக்கை வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். கொண்டை இல்லை, சாயம் இல்லை. வீட்டுச் செருப்போடு, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று ஏறினார். சட்டைப் பித்தானை அண்ணன் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். அதை யாரும் திருத்தவில்லை.

மருத்துவர் நல்ல மனிதர், சிரித்த முகம். தாளை மேசைமேல் விரித்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார்.

"வீக்கத்தோட அளவு நல்லா ஏறியிருக்கு. போன தடவை, அதுக்கு முந்தின தடவை, எதுலயும் இல்ல. அப்ப இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு." முகம் நிமிராமலே புன்னகைத்தார். "நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க."

"ஆரம்பமா?" என்றார் அண்ணன்.

"போன்ல சொல்லியிருந்தோமே சார், அந்த மாத்திரை விஷயம்" என்றேன்.

"அப்படி எதுவும் இங்க பதிவாகலையே" என்று அவர் மறுபடி தாளுக்குள் தேடத் தொடங்கினார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். வீங்கிச் சிவந்த, விரல் கோணிய இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கி, மருத்துவர் படித்துக்கொண்டிருந்த தாளின்மேல், ஒரு வரிகூட வெளியே தெரியாதபடி வைத்தார். மருத்துவர் தாளின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். அண்ணி கையை எடுக்கவில்லை.