ஓரம் வெட்டிய படங்கள்

தர்சிகா சுகிர்தனைக் கட்டிப் பதினொரு வருடம். துறைமுகப் பக்கத்தில் அவனுடைய பிரேம் கடை. கண்ணாடி அறுப்பது அவள் வேலை. கடையில் எது உடைந்தாலும் அவள்தான் உடைத்தாள் என்பான். மழைக்குப் பலகை ஊதினாலும் அவள்தான். ஒருமுறை கண்ணாடி அளக்கிற இரும்பு அடிமட்டத்தால் அடித்தான். இடது சுண்டுவிரல் இன்னும் மடங்காது.

உப்புவெளி விடுதி ஒன்றின் முகாமையாளர் இஹ்ஸான் ஏழு படங்கள் கொண்டுவந்தார். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்திய இங்கிலாந்து ஓவியங்களின் அச்சுப்படிகள். தடித்த தாள். பொய்முடி வைத்த துரைமார், நாயோடு ஒரு சீமாட்டி, பெரிய மேகத்தின் கீழ் மாடுகள் நிற்கும் ஆற்றங்கரை. விடுதி முதலாளி லண்டனில் வாங்கியவை.

சுற்றிவர நாலு விரல் வெள்ளை ஓரம். அதன் அடியில் பென்சிலில் எண், பக்கத்தில் அச்சகத்தின் முத்திரை. முருகன் கலண்டரில் கடைப்பெயரையும் தேதியையும் வெட்டி எறிகிற மாதிரி சுகிர்தன் ஏழிலும் ஓரத்தை வெட்டினான்.

"ஓரத்தை விடுங்கோவன்," என்றாள் தர்சிகா.

"வெள்ளைத் தாளுக்கோ பிரேம் போடுறது? வாயை மூடு."

திங்கட்கிழமை இஹ்ஸான் பிரேம் போட்ட படங்களை எடுக்க வந்தார். முதலாளிக்குப் படம் பிடித்து அனுப்பப் போனைத் தூக்கியவர் அப்படியே இறக்கினார்.

"எண் எங்க? முத்திரை எங்க? அது இல்லாட்டி இது வெறும் தாள், அண்ணன். யார் வெட்டினது?"

"இவள்தான். சொன்னாக் கேட்டால்தானே, மாடு."

"நான் வெட்டேல்லை," என்றாள் தர்சிகா. "இவர்தான் வெட்டினவர். வேண்டாமெண்டு சொன்னனான்."

சுகிர்தன் சீமாட்டியின் படத்தைப் பிரேமோடு தூக்கித் தர்சிகாவின் தலையில் அடித்தான். கண்ணாடி சிதறியது. பிறகு பிரேம் பலகையை எடுத்தான். தடுக்கப்போன இஹ்ஸானைத் தள்ளி விழுத்தினான்.

"இப்ப சொல்லு. ஆர் வெட்டினது?"

"நீங்கள்."

அடி.

"ஆர்?"

"நீங்கள்."

தோள் எலும்பு முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. அவள் மற்றக் கையால் தரையில் கிடந்த கண்ணாடித் துண்டை எடுத்து அவன் முகத்தில் இழுத்தாள். காதிலிருந்து வாய் வரை.

ஆஸ்பத்திரிக்குப் பொலிஸ்காரர் கொப்பியோடு வந்தார். சுகிர்தனுக்குப் பத்தொன்பது தையல். பெண்சாதி கிழித்தாள் என்று சொல்ல அவனுக்கு ஏலவில்லை.

"ஆரும் செய்யேல்லை, சேர். கண்ணாடி தானா விழுந்தது."

கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டியபடி வாசலில் நின்ற தர்சிகா உள்ளே வந்தாள்.

"பொய், சேர். நான்தான் கிழிச்சனான். இவர் எனக்கு அடிச்சதையும் எழுதுங்கோ. பதினொரு வருசத்தையும் எழுதுங்கோ."

"நீங்களும் உள்ளுக்குப் போக வேண்டி வரும், தங்கச்சி."

"ஓம்," என்றாள்.