அண்ணன் அண்ணி கல்யாண நாள்

எங்கள் கல்யாண நாள் என் வீட்டுக்காரருக்கு ஒரு வருஷமும் நினைவிருந்ததில்லை. ஆனால் அவர் உயிராய் நினைத்த நடிகரின் கல்யாண நாள் வந்துவிட்டால் போதும், திண்டிவனமே கிடுகிடுக்கும். பஸ் ஸ்டாண்டு எதிரே பேனர், நூறு பேருக்குத் தக்காளி சாதம். ரசிகர் மன்றச் செயலாளராம்! நடிகரின் மனைவி இவருக்கு அண்ணி. "அண்ணி எவ்ளோ பொறுமை தெரியுமா, கத்துக்கோ" என்று எனக்குப் பாடம் வேறு.

ஒரு வருஷம் எங்கள் கல்யாண நாளன்று பாயசம் வைத்துக் காத்திருந்தேன். மனுஷன் பேனர் வேலை என்று ராத்திரிதான் வந்தார். எனக்கு வந்த கோபத்தில் விடிந்ததும் விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். இனி திரும்புவதில்லை என்றுதான் போனேன்.

நாலு நாள் கழித்து பேனர் ஏறியது: 'அண்ணன் அண்ணி நூறாண்டு வாழ்க'. அன்று காலையிலேயே இருவரும் பிரிகிறார்கள் என்று டிவியில் செய்தி. ஊரே சிரித்ததாம். "பொய் நியூஸு, நம்பாதீங்க" என்று இவர் சாதம் போட்டுக்கொண்டே இருந்தாராம். மதியம் நடிகரே டிவியில் வந்து ஆமாம் என்றார்.

சாயங்காலம் அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அண்ணிக்காக அழுதிருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க அண்ணிகிட்டயே போங்க" என்றேன்.

"அந்தம்மா கிளம்பனப்போ அண்ணன் ஒரு வார்த்த சொல்லித் தடுத்திருக்கலாம்ல?" என்றார். "நீ கிளம்பனப்போ நானும் பேனர் கடைக்காரன்கிட்ட போன் பேசிக்கினு இருந்தேன். தப்புதான். வந்துடும்மா."

அதுவரை என்னை 'ம்மா' போட்டுக் கூப்பிட்டதே இல்லை, படுபாவி. அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டேன். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, வழி நெடுக வறுத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, உரித்து உரித்துக் கொடுத்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயணம் போனதில்லை.

போன மாதம் அந்த நடிகர் மறு கல்யாணம் செய்துகொண்டதாக போனில் பார்த்தேன்.

"ஏங்க, உங்க அண்ணன் பண்ண வேலையப் பாருங்க" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டே விட்டேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.