தன்னையே தடுத்த காவலாளி

தாயில்பட்டிப் பட்டாசு ஆலை ஒன்றுக்கு நான் லேபிள் கொண்டுபோன நாள்களில், வாயிலில் மெலிந்த காவலாளி ஒருவர் இருந்தார். பீடியும் தீப்பெட்டியும் உள்ளே போகாதபடி வருவோரைத் தடவிச் சோதிப்பது அவர் பணி. குரோன் என்ற குடல் அழற்சி நோயால் அவருடைய குடலில் ஒரு பகுதியை அறுத்தெடுத்திருந்தார்கள். புகைத்தால் நோய் திரும்பக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தபின், காலைதோறும் தம்மையும் சோதித்துக்கொண்டார்.

ஒருநாள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.

"தொறங்கண்ணே, லோடு நிக்குது."

"எம் மடியில பீடி இருந்துச்சு தம்பி. பீடியோட வந்தவன உள்ள விடக்கூடாது."

"சாவி உங்ககிட்டதான இருக்கு?"

"அதான் தப்பு. பீடிக்காரன் கையில சாவி இருக்கலாமா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"மாத்திரைய விடாமத் திங்கிறேன். இந்தக் கைதான் பேச்சுக் கேக்கல. இன்னொருக்கா அறுத்தா மிச்சம் எம்புட்டுக் குடல் இருக்கும்? நீங்க ஒருக்காத் தடவிப் பாருங்க. என்னைய நானே பாத்தா இரக்கம் வந்துருது."

தடவினேன். சட்டைக்கடியில் தையல் தழும்பு நெருடியது. கைமடிப்பில் இன்னொரு பீடி இருந்தது. பிடிபட்ட தொழிலாளியைப் போலத் தலைகுனிந்தவர், சாவியை என்னிடம் நீட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அன்று மாலைவரை அவ்வாயிலில் எல்லோரையும் தடவிச் சோதித்தவன், லேபிள் கொண்டுபோன நான்.